காசு கொடுக்காமல் வருமான வரிக் கணக்குத் தாக்கல்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மாங்காய் சீசன் முடிந்து ஆடி பிறக்கிற நேரத்தில் எங்கள் பக்கம் இன்னொரு சீசன் தொடங்கிவிடும். ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், இன்சூரன்ஸ் ஏஜென்ட் வீட்டு வாசல் என்று போகிற இடமெல்லாம் ‘இன்கம் டாக்ஸ் ஃபைல் செய்து தரப்படும்’ என்று ஒரு அட்டை தொங்கும். உள்ளே போனால் ஐந்நூறு கேட்பார்கள், ஆயிரம் கேட்பார்கள், ஆள் வெள்ளந்தியாகத் தெரிந்தால் ஆயிரத்து ஐந்நூறும் கேட்பார்கள். பென்ஷன் மட்டும் வாங்குகிறவருக்கு அந்த வேலை அரை மணி நேரம்கூடப் பிடிக்காது. கெடுவுக்குள் தாக்கல் செய்தால் அரசாங்கத்துக்குக் கட்டணம் என்று ஒரு பைசா கிடையாது.

நான் ஆடிட்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ஜூன், ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமைகளில் காரிமங்கலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் ரிட்டர்ன் போட்டுத் தருவேன். அப்படிப் போட்டும், தப்பு செய்தும் கற்றுக்கொண்டதுதான் கீழே இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலவச உதவி என்றால் ஒருவர் நம் பையை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் முடித்துக் கொடுப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்படி ஒரு கவுன்டர் தருமபுரியிலும் இல்லை, கிருஷ்ணகிரியிலும் இல்லை. பாதி உதவி வருமான வரித் துறையின் போர்ட்டலிலேயே இருக்கிறது. கொஞ்சம் தொலைபேசியில் கிடைக்கும். மீதி, நம்மைச் சுற்றி இருக்கிற மனிதர்களிடம் கிடைக்கும். எதை எங்கே கேட்பது என்று தெரிந்தால் போதும்.

முதல் படி: நாம் தாக்கல் செய்ய வேண்டுமா?

‘பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு சொல்லிட்டாங்களே, எனக்கு எதுக்கு ரிட்டர்ன்?’ இந்தக் கேள்வியை வருடத்துக்கு இருபது பேராவது கேட்கிறார்கள். வரி கட்ட வேண்டியதில்லை என்பது வேறு, தாக்கல் செய்ய வேண்டியதில்லை என்பது வேறு.

2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் அடிப்படை விலக்கு 4 லட்சம் ரூபாய். அதற்கு மேல் 12 லட்சம் வரை வருமானம் இருந்தால் கணக்குப்படி வரி வரும், ஆனால் தள்ளுபடி அதைப் பூஜ்யமாக்கிவிடும். சம்பளக்காரர்களுக்கும் பென்ஷன்காரர்களுக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு என்பதால் அவர்களுக்கு இது 12,75,000 வரை போகும். அந்தத் தள்ளுபடியை ரிட்டர்ன் போட்டுத்தான் காட்ட வேண்டும். ஆக, 4 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் கட்டாயம். பழைய முறையில் இருப்பவர்களுக்கு அந்த வரம்பு இரண்டரை லட்சம், 60 வயதானவர்களுக்கு 3 லட்சம், 80 வயதானவர்களுக்கு 5 லட்சம்.

வருமானம் அதற்குக் கீழே இருந்தாலும் சிலர் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கரண்ட் பில் கட்டியவர்கள், வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர்கள், சேமிப்புக் கணக்கில் மொத்தமாக 50 லட்சமோ அதற்கு மேலோ போட்டவர்கள், 25,000 ரூபாயோ அதற்கு மேலோ டிடிஎஸ் (நமக்குப் பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்கிற வரி) பிடிக்கப்பட்டவர்கள் எல்லாம் இதில் வருவார்கள். மூத்த குடிமக்களுக்கு அந்த டிடிஎஸ் வரம்பு 50,000.

அப்புறம் ரீஃபண்ட். கட்டாயம் இல்லாவிட்டாலும், பிடித்த வரி திரும்ப வர வேண்டும் என்றால் ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்க முடியும். ஓசூர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டு, ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் பி.எஃப். பணத்தை எடுத்த பையன்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். எடுத்த தொகை 50,000 ரூபாயை எட்டினால் 10 சதவீதம் பிடித்துவிடுவார்கள். பான் இணைக்காமல் இருந்தால் 20 சதவீதம். உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் அந்தப் பணம் உங்களுடையது. கேட்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர்.

இரண்டாம் படி: கெடு தேதி

சம்பளக்காரர், பென்ஷன்காரருக்கு வழக்கமாக ஜூலை 31. சில வருடம் நீட்டிப்பார்கள். 2025இல் செப்டம்பர் 16 வரை போனது. நீட்டிப்பை நம்பி உட்காராதீர்கள். தாமதமானால் டிசம்பர் 31 வரை போடலாம், ஆனால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000. அதையும் தவறவிட்டால் பிற்பாடு கூடுதல் வரி கட்டிப் புதுப்பித்த கணக்குப் போட வழி இருக்கிறது, ஆனால் அந்த வழியில் ரீஃபண்ட் கேட்க முடியாது.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. ‘வரி ஆண்டு’ என்ற புதுச் சொல்லும் மாறிய பிரிவு எண்களும் அதில் உண்டு. 2025-26இல் சம்பாதித்ததற்குப் பழைய சட்டம்தான். போர்ட்டலில் மதிப்பீட்டு ஆண்டு, அதாவது சம்பாதித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, 2026-27 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வருடம் முன்னே பின்னே தேர்ந்தெடுத்துவிட்டு, கட்டிய வரியே தெரியவில்லை என்று பதறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: பான், ஆதார், போன் நம்பர்

யாரிடம் உதவிக்குப் போனாலும் இந்த மூன்றும் சரியாக இல்லையென்றால் வேலை நின்றுவிடும்.

பான் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் இருக்கிற போன் நம்பர் உங்கள் கையில் உள்ள நம்பராக இருக்க வேண்டும், ஏனென்றால் ஓடிபி அதற்குத்தான் வரும். பழைய சிம்மைத் தொலைத்துவிட்டீர்கள் என்றால் முதலில் ஆதார் பதிவு மையத்துக்குப் போய் நம்பரை மாற்றுங்கள். அதற்கு மட்டும் சிறு கட்டணம் உண்டு.

பெயர்ப் பொருத்தம்தான் நம் ஊர்க்காரர்களின் பெரிய தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் கார்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். பாஸ்புக்கில் கோ.முனுசாமி, பான் கார்டில் முனுசாமி கோவிந்தன், ஆதாரில் வெறும் முனுசாமி என்று ஒரே ஆள் மூன்று ஆளாக நிற்பார். ஆதாரோடு இணைப்பது தட்டிப்போகும், வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பதும் தட்டிப்போகும். இதை ஜூலை கடைசி வாரத்தில் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. சித்திரை, வைகாசியிலேயே பார்த்துவிடுங்கள்.

வங்கியிலும் ஒரு சிக்கல். பெரியவர்கள் சிலர் இன்னும் ‘அதியமான் பேங்க்’ என்றுதான் சொல்கிறார்கள். அதியமான் கிராம வங்கி 2006இல் வள்ளலார் கிராம வங்கியோடு சேர்ந்து பல்லவன் கிராம வங்கி ஆனது. 2019இல் பாண்டியனோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டது. பழைய பாஸ்புக்கைப் பார்த்து விவரம் அடிக்காதீர்கள். கிளைக்குப் போய் இப்போதைய பாஸ்புக்கில் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் அச்சடித்து வாங்கி வையுங்கள்.

நான்காம் படி: போர்ட்டல் தருகிற இலவச உதவி

வருமான வரித் துறையின் முகவரி இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன். கடைசியில் ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். பான் எண்தான் பயனர் பெயர். முகப்பில் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். உள்ளே படிவத்துக்குள் போனால் ஆங்கிலம்தான் எதிர்கொள்ளும், ஆனாலும் மாற்றி வைத்தால் வழி புரியும்.

இதன் பெரிய உதவி, ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கிற படிவம். உங்கள் சம்பளம், வங்கி வட்டி, பிடித்த டிடிஎஸ் எல்லாம் அதிலேயே வந்து நிற்கும். ஏஜென்ட் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு செய்கிற வேலையில் பெரும்பங்கு அந்தப் பக்கத்தைத் திறந்து ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்துவதுதான். நான் செய்வதும் அதேதான். ஆனால் அழுத்துவதற்கு முன்னால் இரண்டு ஆவணங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று 26ஏஎஸ். உங்கள் பான் எண்ணில் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டினார்கள் என்பது அதில் இருக்கும். இன்னொன்று ஏஐஎஸ் என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கை. வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்றது, நிலம் வாங்கியது என்று வங்கிகளும் பத்திரப் பதிவு அலுவலகமும் அனுப்பிய எல்லாம் அதில் இருக்கும். தரவிறக்கினால் கடவுச்சொல் கேட்கும்: பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியை எட்டு இலக்கமாக அடியுங்கள். இதற்கு ஒரு கடையில் ஐம்பது ரூபாய் வாங்கியதை நானே பார்த்தேன். ஏஐஎஸ்ஸில் தப்பான தகவல் இருந்தால் அதன் பக்கத்திலேயே ‘இது என்னுடையது இல்லை’ என்று பதில் போட இடம் உண்டு.

சம்பளக்காரர்களுக்குக் கம்பெனி படிவம் 16 கொடுக்கும். சம்பளமும் அதில் பிடித்த வரியும் அதில் இருக்கும். ஜூன் 15க்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. மாநில அரசு ஊழியர்களும் பென்ஷன்காரர்களும் களஞ்சியம் செயலியில் பார்க்கலாம். நடுவில் வேலை மாறியவர்கள் இரண்டு கம்பெனியிலிருந்தும் படிவம் 16 வாங்குங்கள். இரண்டு கம்பெனியும் தனித்தனியாக அடிப்படை விலக்கும் 75,000 கழிவும் கொடுத்து வைத்திருக்கும். சேர்த்துப் போட்டால் வரி பாக்கி நிற்கும். ஓசூரில் ஒரு கம்பெனி விட்டு பெங்களூருவில் இன்னொன்றுக்குப் போன பையன்களுக்கு வருடம் தவறாமல் இந்த அதிர்ச்சி உண்டு.

ஐந்தாம் படி: எந்தப் படிவம்?

சம்பளம், பென்ஷன், வட்டி மட்டும். மொத்தம் 50 லட்சத்துக்குள்: ஐடிஆர்-1. சஹஜ் என்று பெயர்.

சின்னக் கடை, லாரி, தொழில் வைத்திருந்து உத்தேச வருமானம் காட்டுபவர்கள்: ஐடிஆர்-4. பத்து வண்டிக்குள் வைத்திருக்கிற லாரிக்காரர்கள் 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய், சின்ன வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் என்று வருமானம் காட்டினால் போதும். டீசல் பில், டயர் பில் எல்லாம் கட்டிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

நம் இரண்டு மாவட்டத்திலும் விழுகிற பொதுவான குழி விவசாய வருமானம். வாத்தியாராக இருப்பார், போச்சம்பள்ளிப் பக்கம் இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கும், குத்தகைக்கு விட்டு எழுபது, எண்பதாயிரம் வரும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 போடக் கூடாது. ஐடிஆர்-2க்குப் போக வேண்டும். மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று முடிவு செய்யவும் அந்தத் தொகையைச் சேர்த்துப் பார்ப்பார்கள். ‘விவசாயம்தானே, காட்ட வேண்டாம்’ என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள்.

பால் மாடும் கோழிப் பண்ணையும் விவசாய வருமானத்தில் சேராது. பட்டுக்கூடு இன்னும் சிக்கல். மல்பெரி இலை வளர்ப்பது விவசாயம், ஆனால் அந்த இலையைப் புழுவுக்குப் போட்டுக் கூடு விற்கிற வருமானம் விவசாய வருமானம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுபோகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. பெரும்பாலானவர்களின் வருமானம் வரி வரம்புக்குள்ளேயே நின்றுவிடும் என்பதால் பிரச்சினை வெளியே வராது. பெரிய அளவில் செய்பவர்கள் இதில் மட்டும் ஆடிட்டரைப் பாருங்கள்.

ஆறாம் படி: யாரிடம் கேட்பது?

முதலில் வேலை செய்கிற இடம். ஓசூரின் பெரிய கம்பெனிகளில் சம்பளப் பிரிவில் இருப்பவர்களிடம் படிவம் 16இல் புரியாததைக் கேட்டால் சொல்வார்கள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வெளியே காசு கொடுப்பவர்கள்தான் அதிகம். ஓய்வு பெற்றவர்களுக்கு அவரவர் ஓய்வூதியர் சங்கம். அதில் கணக்குத் தெரிந்த ஒரு பழைய சூப்பிரண்டென்ட் கட்டாயம் இருப்பார். அவருக்கும் பொழுது போக வேண்டும்.

அடுத்து, துறையின் இலவசத் தொலைபேசி: 1800 103 0025, 1800 419 0025. வேலை நாட்களில் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை. பான் எண், பிறந்த தேதி, பழைய ரிட்டர்னின் ஒப்புகை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். எடுத்தவுடன் தமிழில் பேச ஆள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். ‘எனக்கு எவ்வளவு வரி வரும்?’ என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். ‘வங்கிக் கணக்கு சரிபார்ப்பில் இந்தப் பிழை வருகிறது’, ‘ரீஃபண்ட் எந்த நிலையில் இருக்கிறது?’ என்று கேட்டால் பதில் வரும். ஏஐஎஸ் பற்றி மட்டும் என்றால் 1800 103 4215. முதலில் சொன்ன இரண்டு எண்களுக்கும் காலை எட்டு மணிக்கே கூப்பிட்டால் எளிதில் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

வருமான வரி அலுவலகத்துக்கு நேரில் போகலாமா? போகலாம், ஆனால் படிவம் நிரப்பித் தருவதற்கு இல்லை. நோட்டீஸ் வந்திருக்கிறது, பழைய பாக்கி காட்டுகிறது, பான் விவரம் வேறு ஊர் அலுவலகத்தில் கிடக்கிறது என்பது போன்றவற்றுக்குத்தான். உங்கள் பான் தருமபுரிக்குக் கீழே இருக்கிறதா, ஓசூரா, சேலமா என்பதைப் போர்ட்டலில் உள்ளே நுழையாமலேயே, ‘உங்கள் மதிப்பீட்டு அதிகாரியை அறிய’ என்ற இடத்தில் பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள். ஊத்தங்கரையிலிருந்து வந்து தப்பான அலுவலகத்தில் அரை நாள் நின்றவர் என் சித்தப்பா.

பட்டயக் கணக்காளர் நிறுவனமான ஐசிஏஐ தொடங்கிய நாள் ஜூலை 1. அதையொட்டி அதன் கிளைகள் பல ஊர்களில் பொதுமக்களுக்கு இலவச ஆலோசனை முகாம் நடத்துவதுண்டு. நமக்குப் பக்கத்தில் சேலத்தில் கிளை இருக்கிறது. ஜூன் கடைசியில் போன் செய்து கேட்டு வையுங்கள். உள்ளூர் ஆடிட்டர்களிடமும் ஜூலை முதல் வாரத்தில் போய் ஒரே ஒரு சந்தேகம் கேட்டால் பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். ஜூலை 30ஆம் தேதி போனால் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

2006இல் வருமான வரித் துறையே ஒரு திட்டம் கொண்டுவந்தது. பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, அடையாள எண் கொடுத்து, மக்களுக்கு ரிட்டர்ன் தயாரித்துக் கொடுக்க அனுப்பினார்கள். நம்மிடம் அதிகபட்சம் 250 ரூபாய்தான் வாங்கலாம் என்று அதில் வரம்பு. நல்ல திட்டம். ஆனால் எங்கள் பக்கம் அப்படி ஒருவரை நான் நேரில் பார்த்ததில்லை. யாராவது தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டால் அடையாள எண்ணைக் கேளுங்கள், அதை ரிட்டர்னில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக நம் வீட்டுப் பிள்ளைகள். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரிகளில் பி.காம். படிக்கிற எத்தனை பிள்ளைகள் நம் தெருவில் இருக்கிறார்கள்! அவர்களுக்குப் பாடத்தில் வருமான வரி இருக்கிறது. உங்கள் ரிட்டர்னைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது அவர்களுக்கும் பழக்கம். அவர்கள் போடட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டு இருங்கள்.

திண்ணையில் ஒரு ஞாயிறு

இதெல்லாம் நடைமுறையில் எப்படி நடக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பக்கத்துத் தெரு அத்தை ஒருவர். மாமா அரசு வேலையில் இருந்து காலமானவர். அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் மாதம் 18,000. மாமா விட்டுப்போன பணம் இரண்டு வங்கியில் டெபாசிட்டாக இருக்கிறது. வயது அறுபத்தெட்டு.

ஒரு ஜவுளிக்கடை மஞ்சள் பையைக் கொண்டுவந்து திண்ணையில் கவிழ்த்தார். நான்கு பாஸ்புக், கரண்ட் பில், ரேஷன் கார்டு, மாமாவின் பழைய ஐ.டி. கார்டு, ஒரு திருப்பதி படம்.

“பேங்குல பன்னெண்டாயிரம் புடிச்சிட்டாங்கப்பா. போன வருசமும் புடிச்சாங்க. ஃபைல் பண்ணுனா வரும்னு சொல்லி ஒருத்தர் ஆயிரம் ரூவா வாங்கினாரு. ஒண்ணும் வரல.”

“யாரு அத்தை?”

“விடு, அவரும் புள்ளகுட்டிக்காரர்.”

போர்ட்டலில் நுழையப் பார்த்தால் கடவுச்சொல் தெரியவில்லை. ஆதார் ஓடிபி வைத்து மாற்றினோம். உள்ளே போனால் தொடர்பு விவரத்தில் இருந்த போன் நம்பரும் மின்னஞ்சலும் அத்தையுடையது இல்லை. துறை அனுப்பிய எல்லாத் தகவலும் முன்பின் தெரியாத ஒரு நம்பருக்குப் போய்க்கொண்டு இருந்திருக்கிறது. போன வருட ரிட்டர்ன் போட்டது போட்டபடி கிடந்தது, ‘இது என் கணக்குதான்’ என்று ஓடிபி போட்டு உறுதி செய்கிற சரிபார்ப்பை முடிக்கவே இல்லை. தாக்கல் செய்த 30 நாளுக்குள் சரிபார்க்காவிட்டால் அது போடாத கணக்குக்குச் சமம். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு அத்தை ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இந்த வருசத்த பாருப்பா” என்றார்.

பார்த்தோம். குடும்ப ஓய்வூதியம் வருடத்துக்கு 2,16,000. இதைச் சம்பளத்தில் போடக் கூடாது, ‘இதர வருமானத்தில்’ போட வேண்டும். நிறையப் பேர் தப்பு செய்கிற இடம் இது. 75,000 கழிவு இதற்குக் கிடையாது. மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இரண்டில் எது குறைவோ அது புதிய முறையில் கழியும். ஆக 1,91,000. ஒரு வங்கியில் வட்டி 1,20,000, இன்னொன்றில் 40,000. கூட்டினால் 3,51,000. நான்கு லட்சத்துக்குள் அடங்கிவிட்டது, வரி பூஜ்யம். முதல் வங்கியில் மூத்த குடிமக்களுக்கான ஒரு லட்ச வரம்பைத் தாண்டியதால் பத்து சதவீதம், 12,000 ரூபாய் பிடித்திருந்தார்கள். முழுதும் திரும்ப வர வேண்டிய பணம்.

வங்கிக் கணக்கைச் சரிபார்த்து ரீஃபண்டுக்குத் தேர்ந்தெடுத்தோம். தொடர்பு விவரத்தில் அத்தையின் நம்பரைப் போட்டோம். ஆதார் ஓடிபி வந்தது. அத்தையே கண்ணை இடுக்கிக்கொண்டு ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். மொத்தம் நாற்பது நிமிடம், அதில் பதினைந்து நிமிடம் கடவுச்சொல்லுக்கே போனது. பணம் மூன்று வாரத்தில் வந்தது. வருடத் தொடக்கத்திலேயே வங்கியில் ‘15எச்’ என்று எல்லோரும் சொல்கிற, ‘எனக்கு வரி வராது, பிடிக்க வேண்டாம்’ என்ற உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்திருந்தால் பிடித்தமே இருந்திருக்காது. இப்போது ஏப்ரல் பிறந்ததும் அத்தையே வங்கிக்குப் போய் அந்தப் படிவம் எங்கே என்று கேட்கிறார்.

ஏழாம் படி: உதவி செய்பவரிடம் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது

இலவசமாகச் செய்தாலும் காசு வாங்கிச் செய்தாலும் உங்கள் போன் நம்பரும் மின்னஞ்சலும்தான் கணக்கில் இருக்க வேண்டும். ஓடிபியைப் போனில் சொல்லாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அடியுங்கள். முடிந்ததும் ஒப்புகை நகலையும் முழு ரிட்டர்ன் நகலையும் உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் செய்தால் வெளியேறிவிட்டு, தரவிறக்கியதை அழித்துவிட்டு எழுந்திருங்கள்.

அப்புறம் ‘ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், வந்ததுல பத்து பர்சென்ட் குடுங்க’ என்பவர்கள். இவர்கள் காசு கேட்காமல் செய்வதுபோல் வருவார்கள். இல்லாத வாடகை, கட்டாத இன்சூரன்ஸ், கொடுக்காத நன்கொடை எல்லாம் போட்டு ரீஃபண்டைப் பெருக்கிக் காட்டுவார்கள். 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடெங்கும் சுமார் 150 இடங்களில் இப்படிப்பட்ட தரகர்களைச் சோதனை போட்டது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் பொய்யாகக் கேட்ட 1,045 கோடி ரூபாய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவும் சொன்னது. ஆதாரம் கிடைத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மாட்டினால் தரகர் வர மாட்டார். கையெழுத்து உங்களுடையது. பொய்க்கணக்குக்கு அபராதம், ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு.

எப்போது காசு கொடுக்கலாம்

நெடுஞ்சாலையோர நிலத்தை விற்றவர்கள், பங்குச் சந்தையில் அன்றாடம் வாங்கி விற்பவர்கள், ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரிகள், வெளிநாட்டில் கணக்கோ சொத்தோ உள்ளவர்கள், விசாரணை நோட்டீஸ் வந்தவர்கள் நல்ல ஆடிட்டரிடம் போங்கள். அங்கே இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு லட்சத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். என் திண்ணைக்கு இவர்கள் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுவேன்.

வீட்டில் ஒருவர் வருடத்தின் நடுவில் இறந்துபோனால் அவருடைய வருமானத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டியிருக்கும். போர்ட்டலில் வாரிசு தன்னைப் பிரதிநிதியாகப் பதிந்துகொள்ள வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இருவரின் பான் எண் தேவைப்படும். இதற்கும் கட்டணம் இல்லை, ஒப்புதல் வரச் சில நாள் ஆகும். இறந்தவரின் கடவுச்சொல்லை வைத்து நுழைந்து போடாதீர்கள்.

கடைசிப் படி: போட்ட பிறகு

30 நாளுக்குள் சரிபார்ப்பு. ஆதார் ஓடிபி எளிது. நெட் பேங்கிங் வழியாகவும் செய்யலாம். எதுவுமே முடியாதவர்கள் ஐடிஆர்-வி ஒப்புகைத் தாளில் நீல மையில் கையெழுத்துப் போட்டு பெங்களூரு 560500க்கு விரைவுத் தபாலில் அனுப்பலாம். ஆகிற ஒரே செலவு தபால் செலவு.

ரீஃபண்ட் வராவிட்டால் போர்ட்டலில் நிலையைப் பாருங்கள். ‘தோல்வி’ என்று காட்டினால் வங்கிக் கணக்கைத் திருத்திவிட்டு மறு வழங்கல் கோரிக்கை கொடுக்கலாம். எதுவும் நகரவில்லை என்றால் அதே போர்ட்டலில் ‘குறைகள்’ பகுதியில் புகார் பதியுங்கள், எண் கொடுப்பார்கள்.

‘உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த லிங்கை அழுத்துங்கள்’ என்று குறுஞ்செய்தி வந்தால் அழுத்தாதீர்கள். நோட்டீஸ் என்று ஏதாவது வந்தால் அதில் ஓர் ஆவண அடையாள எண் இருக்கும். போர்ட்டலின் முகப்பிலேயே, உள்ளே நுழையாமல், அந்த எண்ணைப் போட்டுத் துறை அனுப்பியதுதானா என்று பார்த்துவிடலாம். எண் இல்லாத நோட்டீஸைக் காட்டி யாராவது ‘செட்டில் பண்ணித் தர்றேன்’ என்றால், அவர் எதிரிலேயே போனை எடுத்து 1800 103 0025க்குப் போடுங்கள்.